கொடை இதயத்தை இரண்டாம் முறையும் பார்ப்போம்

கடத்தூரில் இக்கருத்தரங்கைத் தலைமையேற்றுத் தொடங்கிவைப்பது எனக்குப் பெருமை. சிறு தயக்கமும் உண்டு. நான் சொல்லப்போவது இங்குள்ள பலருக்கு உடன்பாடாக இராது. ‘கொடை இதய மதிப்பீடும் பெறுநர் நலனும்’ என்பது தலைப்பு. ரத்த வகை, உடல் அளவுப் பொருத்தம், நான்கு மணி நேர வரம்பு ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள். மூளைச்சாவுக்குப் பின் எடுக்கும் முதல் எக்கோவை மட்டும் நம்பி ஓர் இதயத்தைத் தள்ளிவிடும் வழக்கம் தவறு என்பதே என் வாதம்.

தொப்பூர் கணவாய் இந்தத் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. இத்தகைய சாலைகளில் தலையில் அடிபட்டு மூளைச்சாவடைபவர்களில் பலர் இளைஞர்கள். அவர்களுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வாய்ப்புக் குறைவு. ஆயினும் மூளைக்குள் அழுத்தம் ஏறும்போது பெருக்கெடுக்கும் அட்ரினலின் வகைச் சுரப்புகள் இதயத் தசையைத் திகைக்க வைக்கின்றன. அந்நேரத்து எக்கோவில் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 35 சதவீதம் என்று வந்தால், அது மூளை கொடுத்த அடியின் அளவாகவும் இருக்கலாம். இங்கிலாந்தின் பாப்வொர்த் மருத்துவமனைக் குழு 1995இலேயே இதைக் காட்டிவிட்டது: ஏற்கத் தகாத நிலையில் இருந்த 52 கொடையாளரில் 44 பேரின் உறுப்புகள், ஹார்மோன் சிகிச்சைக்கும் கவனமான பராமரிப்புக்கும் பின் பயன்பட்டன. 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, முதலில் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 40க்குள் இருந்து பின்னர் 50க்கு மேல் தேறிய இதயங்களைப் பெற்றவர்களும் மற்றவர்களைப் போலவே வாழ்ந்தார்கள் என்றது. இவ்விரண்டுக்கும் நாம் உரிய இடம் தரவில்லை.

ஐயம் எழுந்தால் விட்டுவிடு என்ற நெறியே பெறுநரைக் காக்கிறது என்பார்கள் மூத்தோர். அவர்கள்மேல் எனக்குள்ள மதிப்பு குறையாது. ஆனால் அக்கணக்கில் அறுவை மேசைக்கு வந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள்; காத்திருப்புப் பட்டியலிலேயே இறந்தவர் எந்தப் பத்தியில் வருகிறார்? நுரையீரல் அழுத்தம் ஏறிய பின்பே நம் நோயாளிகள் வருகிறார்கள், பலவீனமான வலது கீழறை அவர்களைக் கைவிட்டுவிடும் என்ற மறுப்பு வலுவானது. மாற்றிய இதயம் உடனே செயலிழப்பதுதான் தொடக்ககால மரணங்களுக்கு முதன்மைக் காரணம். அதனால்தான் தேறாத இதயத்தை நான் கேட்கவில்லை. தேறுகிறதா என்று பார்க்கக் கேட்கிறேன்.

நேரம் எங்கே என்பீர்கள். மூளைச்சாவைச் சான்றளிக்கும் இரு சோதனைகளுக்கிடையே ஆறு மணி நேரம் வேண்டுமெனச் சட்டமே சொல்கிறது. அப்போதும் ரத்த அழுத்தத்தைக் காக்கத்தான் போகிறோம்; படுக்கையருகே மறுபடி எக்கோ எடுக்க எதுவும் தடுக்கவில்லை. சில இதயங்களுக்கு ஒரு நாள் வேண்டியிருக்கும். அதைத் துயரத்திலிருக்கும் குடும்பத்திடம் மறைக்காமல் சொல்லி இசைவு பெற வேண்டும். அவர்கள் மறுத்தால் அத்துடன் நிறுத்த வேண்டும்.

சென்னையில் இருக்கும் குழு தர்மபுரி இதயத்தைத் தொலைபேசியில் கேட்ட ஒற்றை எண்ணைக் கொண்டு மறுக்கக் கூடாது. கொடையாளர் படிவத்தில் இரண்டு எக்கோக்கள், எடுத்த நேரம், அப்போது ஓடிய நார்அட்ரினலின் அளவு, வலது கீழறையின் நிலை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் வேண்டும். இன்றைய முதல் அமர்விலேயே அப்படிவத்தை எழுதி, மாநில உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானுக்கு அனுப்பும் தீர்மானத்தை முன்மொழிகிறேன்.