உதைபந்தாட்ட மைதானமும் எங்கள் பிள்ளைகளின் வாயும்

(சங்கத்தின் விளையாட்டுப் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



விளையாட்டுப் பகுதிச் செயலாளர் என்னிடம் வந்து, "ஐயா, விளையாட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசவேண்டும்" என்று கேட்டபொழுது, தேகப் பயிற்சியின் நன்மைகளை நான் எடுத்துரைப்பேன் என்றே எண்ணியிருப்பார். அதைப் பேச இந்தச் சபையில் என்னிலும் தகுந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் மைதானத்துக்குள்ளே நடப்பதன்று. கோட்டுக்கு வெளியே நிற்பவர்களின் வாயிலிருந்து வருவது. அதற்கு எங்கள் ஊர்ப் பெயர் தூஷணம். இந்த மேடையில் அந்தப் பெயரைச் சொல்வதற்கே எனக்குக் கூச்சமாயிருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குள் அடங்கும் சொற்களைப் பிள்ளைகளின் காது கேட்கக் கத்துவதற்கு எங்களில் பலர் கூசுவதில்லை.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷங்களுக்கு முன்னர் ஓர் இறுதியாட்டம் பார்க்க என் பேரனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். அவனுக்கு அப்பொழுது எட்டு வயது. நல்ல சனம். கச்சான் வாங்கிக் கொடுத்து, கோட்டடியில் முன்னுக்கு நிறுத்தி வைத்தேன். எங்களுக்குப் பக்கத்தில் நின்றவர் ஊரில் மதிப்புள்ள ஒருவர். கலியாண வீட்டில் அவர் பேசினால் மற்றவர்களும் தங்கள் பேச்சைத் திருத்திக்கொள்வார்கள். இடைவேளைக்குப் பிறகு எங்கள் பக்கத்தார் அடித்த கோலை ஓவ்சைட் என்று மத்தியஸ்தர் மறுத்துவிட்டார். உடனே இந்தப் பெரியவர் அந்த மத்தியஸ்தரின் தாயைக் குறித்து ஒரு வார்த்தை சொன்னார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று கிழமை கழிந்தது. பதினொரு வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கு ஓர் ஆட்டம். மத்தியஸ்தம் செய்தவர் அவர்களுக்குப் படிப்பிக்கும் இளம் வாத்தியார். என் பேரனுக்கு எதிராக அவர் விசில் ஊதியதும், அவன் அதே வார்த்தையை, அதே இழுப்போடு, அவரை நோக்கிச் சொன்னான். அவர் அவனை அடிக்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் விட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். வீட்டிலே இருத்தி வைத்து, "இதை எங்கே பழகினாய்?" என்று அதட்டினேன். அவனுக்குப் பொருள் தெரியாது. அது பகிடி என்று நினைத்திருக்கிறான். "அண்டைக்கு நீங்களும் சிரிச்சனீங்கள்தானே, அப்பப்பா" என்றான்.

அதற்கு மேல் அவனிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வியும் இருக்கவில்லை.

நண்பர்களே, சொன்னவர் ஒருவர். அதைப் பிள்ளையின் மனத்தில் பதித்தது எங்கள் எல்லோருடைய சிரிப்பு. இதை நான் அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். ஆனால் அறிஞர்கள் எப்பொழுதோ சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே அல்பேட் பண்டூரா என்னும் உளநூற் பேராசிரியரும் அவருடைய துணைவர்களும் 72 சிறு பிள்ளைகளை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளின் கண்முன்னே, வளர்ந்தவர் ஒருவர் காற்றடித்த பெரிய பொம்மையைக் குத்தி, உதைத்து, சில வார்த்தைகளும் சொல்லிக் காட்டினார். பின்னர் அந்தப் பிள்ளைகளைத் தனியே விட்டபொழுது, அவர்கள் அடித்த அடியை மாத்திரம் திருப்பிச் செய்யவில்லை. சொன்ன சொல்லையும் அப்படியே சொன்னார்கள். அவர்களுக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. கண்டார்கள், கேட்டார்கள், அவ்வளவே.

இது எங்கள் ஊருக்கு மாத்திரம் உரிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். மேல்நாட்டிலே மூன்று நகரங்களில் நடந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது இத்தாலியில் தூரின் நகரம். அங்கே ஜுவெந்தஸ் என்ற பேர்போன கழகத்தின் ஆதரவாளர்கள், நாப்போலிக் கழகத்தோடு நடந்த ஆட்டத்தில் அந்த ஊராரை இழித்துக் கோஷமிட்டார்கள். தண்டனையாக, கோல் கம்பங்களுக்குப் பின்னால் உள்ள பார்வையாளர் பகுதிகள் மூடப்பட்டன. வெறும் ஆசனங்களைப் பார்த்து ஆடுவானேன் என்று கழகம் ஓர் ஏற்பாட்டைச் செய்தது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இலவசமாக அழைத்து அந்த இடங்களில் இருத்தியது. நல்ல யோசனைதான், யார் குறை சொல்லுவார்? 2013 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 1 ஆந் தேதி உடினேசே கழகத்துடன் ஆட்டம். ஏறக்குறைய 12,000 பிள்ளைகள் வந்து நிரம்பினார்கள். எதிர்ப்பக்கத்துக் கோல் காப்பாளர் பந்தை உதைக்கப் போகும் ஒவ்வொரு முறையும், அந்தப் பிள்ளைகள் ஒரே குரலாக, மலத்தைக் குறிக்கும் ஒரு சொல்லை அவர்மீது வீசினார்கள். பெரியவர்கள் அந்த இடத்திலிருந்து வழக்கமாகச் சொல்லும் சொல் அது. அதற்காக அந்தக் கழகத்துக்கு 5,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. பெரியவர்களை வெளியேற்றினார்கள், அவர்களுடைய வார்த்தை ஆசனத்திலேயே இருந்துவிட்டது.

இரண்டாவது பிராக் நகரம். ஸ்பார்ட்டா பிராக் கழகத்தின் பார்வையாளர்கள் 2021 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மொனாக்கோக் கழகத்தின் கறுப்பின வீரர் ஒருவரை நிறத்தைச் சொல்லி அவமதித்தபடியால், ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்க ஒன்றியம் அவர்களுடைய அடுத்த ஆட்டத்தைப் பார்வையாளர் இன்றி நடத்தும்படி தீர்த்தது. ஆயினும் ஒன்றியத்தின் விதியிலே, பதினான்கு வயது வரையான பிள்ளைகளைப் பெரியவர் துணையோடு அழைக்க இடமுண்டு. செப்டம்பர் 30 ஆந் தேதி ஸ்கொத்லாந்திலிருந்து ரேஞ்சர்ஸ் கழகம் வந்தது. சுமார் 10,000 பிள்ளைகள் வந்திருந்தார்கள். ரேஞ்சர்ஸ் அணியின் கறுப்பின வீரர் கிளென் கமாராவின் காலில் பந்து பட்டபொழுதெல்லாம் கூக்காட்டினார்கள். அதே வருஷம் மார்ச் மாதத்தில் அந்த நகரத்தின் வேறொரு கழகத்து வீரர் கமாராவை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தி, பத்து ஆட்டங்களுக்கு விலக்கப்பட்டிருந்தார். ஆகையால் அந்தப் பெயர் பிராக் நகரத்து வீடுகளில் எப்படிப் பேசப்பட்டிருக்கும் என்று நாங்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஸ்பார்ட்டாக் கழகமோ அது நிறவெறி அன்று என்று சாதித்தது. அந்தப் பிள்ளைகளின் உள்ளத்தை நான் அறியேன். அந்தச் சத்தம் அவர்களுடன் பிறந்ததன்று என்பதை மாத்திரம் அறிவேன்.

மூன்றாவது புடாபெஸ்ட் நகரம். 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4 ஆந் தேதி, ஹங்கேரியும் இங்கிலாந்தும் மோதின. முந்திய வருஷத்துப் பார்வையாளர்களின் நடத்தைக்காக அதுவும் பார்வையாளர் இன்றி நடக்கவேண்டிய ஆட்டம்; அங்கேயும் அதே விதியைக் கொண்டு 30,000 க்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், வந்து நிறைந்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் இங்கிலாந்து வீரர்கள் நிறவெறியைக் கண்டித்து ஒற்றை முழங்காலில் நின்றபொழுது அரங்கம் முழுவதும் கூக்குரல் எழுந்தது.

இவ்வளவையும் சொன்னது ஐரோப்பியரைப் பார்த்துச் சிரிப்பதற்கல்ல. இஸ்தான்புல் நகரத்தில் வேறொரு விதமாகவும் நடந்ததுண்டு. 2011 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 20 ஆந் தேதி, ஃபெனர்பாசே கழகத்துக்கு இத்தகைய தண்டனை வந்தபொழுது, பெண்களையும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் மாத்திரம் இலவசமாக உள்ளே விட்டார்கள். 41,000 பேருக்கு மேல் வந்தார்கள். எதிரணி மைதானத்துக்குள் வந்தபொழுது வழக்கமான கூக்குரலுக்குப் பதிலாகக் கைதட்டல் கேட்டது. வீரர்கள் சனத்துக்குப் பூக்களை எறிந்தார்கள். அங்கே பிள்ளைகள் தாய்மாரின் பக்கத்தில் இருந்தார்கள். தூரினிலும் பிராக்கிலும் கூட்டங்கூட்டமாக இருந்தார்கள். வித்தியாசத்துக்குக் காரணம் இது ஒன்றே என்று நான் சாதிக்கமாட்டேன், யோசிக்கத் தக்கது.

இனி ஒரு மறுப்பைக் கேட்டிருக்கிறேன். "ஆட்டச் சூட்டில் வாயில் வருவதுதானே, அதைப் பெரிதுபடுத்தலாமா? சத்தம் இல்லாவிட்டால் அது பந்தடியா?" என்கிறார்கள். சத்தம் வேண்டியதுதான். 1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், பிள்ளைகளின் ஆட்டங்களில் பெற்றோர் வாயே திறக்கக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினார்கள். சிலர் வாயை அடக்குவதற்காக இனிப்புக் குச்சியைச் சூப்பிக்கொண்டு நின்றார்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை. பிணவீட்டுக்குப் போவதுபோல் மைதானத்துக்குப் போக நான் ஆயத்தமில்லை. குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் இளவாலையிலும் பந்தடி என்றால் ஊரே கூடும். அந்த ஆரவாரம் எங்கள் செல்வம். ஆனால் சூட்டில் வருவது என்கிற வாதம் நிற்காது. அதே மனிதர், அதே சூட்டில், தம்முடைய மேலதிகாரி பக்கத்தில் நின்றால் அந்தச் சொல்லைச் சொல்லுவாரா? பக்கத்தில் நிற்பது பிள்ளைதானே என்ற எண்ணந்தான் நாக்கை அவிழ்த்துவிடுகிறது.

ஆட்டக்காரனுக்குச் சட்டம் இருக்கிறது. உதைபந்தாட்ட விதிகளில் பன்னிரண்டாம் விதிப்படி, இழிவான அல்லது நிந்தனையான வார்த்தை பேசுபவனை மத்தியஸ்தர் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றலாம். 2019 ஆம் ஆண்டு முதல் பயிற்றுநர்களுக்கும் அட்டை உண்டு. பார்வையாளனுக்கு மத்தியஸ்தரின் அட்டை இல்லை. இங்கிலாந்தில் 1991 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்து, மைதானத்தில் ஆபாசமாகவோ இனத்தை இழித்தோ கோஷமிடுவதைக் குற்றமாக்கினார்கள். அதில் ஒரு வேடிக்கை: குற்றமாவதற்கு இன்னொருவரும் சேர்ந்து கத்தவேண்டும் என்று முதலில் எழுதியிருந்தார்கள். தனியாகக் கத்துகிறவன் தப்பிக்கொள்ளுவான். 1999 இல்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். எங்கள் மைதானங்களுக்குப் பொலிசை அழைக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கச்சான் விற்கிற மனுஷியையும் விசாரித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எங்கள் மைதானங்களில் எழும் வசை தாயையும் உடம்பையும் பற்றியது மாத்திரமன்று. எதிர்ப்பக்கத்து ஊரின் பெயரையும், அந்தப் பொடியனின் சாதியையும் சொல்லி எறிகிற வார்த்தையும் உண்டு. தூரினில் மூடப்பட்ட ஆசனங்களும் இதே வகைக் குற்றத்துக்காகத்தான் மூடப்பட்டன. எட்டு வயதுப் பிள்ளைக்கு யார் என்ன சாதி என்று வீட்டிலே சொல்லாமல் வளர்த்த தகப்பன்மார் இந்தச் சபையில் இருக்கிறீர்கள், நான் அறிவேன். அந்தப் பாடத்தை மைதானக் கோட்டடியில் வேறொருவன் ஒரு நிமிஷத்தில் உங்கள் பிள்ளைக்குப் படிப்பித்துவிடுகிறான். கேட்கிற பிள்ளை ஒன்று. அந்த வார்த்தை யார்மேல் விழுந்ததோ அவனுடைய தம்பியும் அதே கூட்டத்தில் எங்கேயோ நிற்கிறான். அவன் வீட்டுக்குப் போய் என்ன சொல்லுவான் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

எங்கள் சங்கம் வருஷந்தோறும் நடத்தும் கேடயப் போட்டி வருகிற மாதம் தொடங்குகிறது. நான் கேட்பது பெரிய காரியமன்று. இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் 2008 ஆம் ஆண்டில் பிள்ளைகளின் ஆட்டங்களுக்காக ஓர் இயக்கத்தைத் தொடங்கி, பார்வையாளரைக் கோட்டிலிருந்து பின்னுக்கு நிறுத்த ஒரு தடையும் கட்டச் செய்தது. அதைப்போல நாங்களும் இரண்டு பக்கமும் மூன்று யார் தள்ளிக் கயிறு கட்டுவோம். மாமரத்துப் பக்கத்தைப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு என்று ஒதுக்குவோம், தாய்மாரும் வருவார்கள். ஒலிபெருக்கியில் அறிவிக்கிற தம்பி, ஆட்டம் தொடங்குமுன் மத்தியஸ்தரின் பெயரையும் ஊரையும் சொல்லி, அவருக்கு ஒரு கைதட்டல் கேட்கட்டும். பெயர் தெரிந்த மனிதனை வைவது கொஞ்சம் கடினம். பக்கத்துக்கு இரண்டு மூத்தவர்கள் நிற்கட்டும். எவராவது வாய் தவறினால், அவரைச் சபையில் அவமானப்படுத்தாமல் தோளில் கைவைத்து, "அண்ணை, பிள்ளையள் நிக்கினம்" என்று சொன்னால் போதும். கேளாதவரை என்ன செய்வது என்று செயற்குழு தீர்மானிக்கட்டும். ஆனால் அவர் கழகத்துக்குப் பணம் தந்தவராயிருந்தாலும் ஒரே தீர்மானமாயிருக்கட்டும்.

மாமரத்துப் பக்கத்தில் நிற்க ஒருவர் தேவை என்றால், என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பேரனும் வருவான். அந்த வாத்தியாரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வைத்தேன், நானும் கேட்டேன். இந்த வருஷம் எங்கள் போட்டிக்கு மத்தியஸ்தம் செய்ய அவர் இசைந்திருக்கிறார் என்று செயலாளர் சற்று முன்னர் சொன்னார்.