பருத் தழும்புக்கு லேசரா? மெஷினுக்கு முன்னாடி ரகம் பிரிங்க

கொஞ்ச நாளா இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது: "ப்ரோ, பரு போயிடுச்சு, குழி போகல. லேசர் பண்ணலாமா, மைக்ரோநீட்லிங் பண்ணலாமா, எது பெஸ்ட்?" அதனால இன்னைக்கு எபிசோட் முழுக்க பருத் தழும்பு.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. கோடு எழுதுற ஆளு, அரக்கோணத்துக்காரன். என் தங்கச்சி ஒருத்திக்காக இந்த விஷயத்தை ஒரு வருஷம் உட்கார்ந்து படிச்சேன், அவகூட டாக்டர்கிட்ட போய் வந்தேன். அதுல புரிஞ்சதைச் சொல்றேன். உங்க முகத்துக்கு முடிவு சொல்ல வேண்டியது உங்களைப் பார்க்கிற தோல் டாக்டர்தான்.

இந்தக் கேள்வியில ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. "எந்த மெஷின்?"னு ஆரம்பிக்குது. நம்ம ஊர்ப் பக்கம் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகள்ல வேலை பார்த்த ஆள் யாரையாவது கேளுங்க. ஒரு லாட் தோல் வந்து இறங்கினதும் மெஷின்ல போட மாட்டாங்க. வெளிச்சத்துல விரிச்சு, தடவிப் பார்த்து, எதுல கீறல் இருக்கு, எதுல உண்ணி கடிச்ச தடம் இருக்கு, அது மேலோட்டமா ஆழமான்னு ரகம் பிரிப்பாங்க. அப்புறம்தான் எந்தத் தோலுக்கு என்ன வேலைன்னு முடிவு. மாட்டுத் தோலுக்கே அவ்வளவு பார்க்கிறோம்.

தோலுக்கும் தழும்புக்கும் பொதுவான சரக்கு ஒண்ணுதான், கொலாஜன். நம்ம உடம்புல அதிகமா இருக்கிற புரதம் அது. அதோட வடிவத்தை உலகத்துக்குச் சொன்னது சென்னைதான். 1954ல சென்னைப் பல்கலைக்கழகத்துல ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூணு இழை முறுக்கின கயிறு மாதிரி இருக்குன்னு காட்டினாங்க. அந்த ஆய்வுக்குப் பக்கத்துல இருந்த அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துல இருந்துதான் கொலாஜன் மாதிரி வாங்கினாங்க. தோல் தொழிலுக்காக ஆரம்பிச்ச நிறுவனம் அது.

பரு ஆழமா வீங்கி அழற்சி ஆகும்போது இந்தக் கொலாஜன் சேதமாகுது. சேதமான இடத்தை உடம்பு சரியா நிரப்பலைன்னா குழி. அளவுக்கு மேல நிரப்பிடுச்சுன்னா மேடு. லேசர், ஊசி, ஆசிட் எல்லாமே அடிப்படையில செய்றது ஒரே வேலைதான்: அளவா ஒரு புதுக் காயம் பண்ணி, "மறுபடி கட்டு"ன்னு உடம்புக்குச் சொல்றது. கட்டறது மெஷின் இல்ல, உங்க உடம்பு. அது மாசக் கணக்குல நடக்கும். இதை மனசுல வச்சுக்கிட்டா பாதி விளம்பரம் தானா விழுந்துடும்.

சரி, ரகம் பிரிப்போம்.

முதல் கேள்வி: உங்களுக்கு இருக்கிறது குழியா, கறையா? பரு போன இடத்துல கருப்பாவோ சிவப்பாவோ இருந்து, விரலால தடவினா சமமா இருந்தா அது கறை. நம்ம நிறத்துல இதுதான் ரொம்ப சகஜம். நிறைய பேர் இதையே "ஸ்கார்"னு நினைச்சு லேசருக்குப் பணம் கட்டப் போறாங்க. இது பல பேருக்கு மாசக் கணக்குல தானா மங்கும். சன்ஸ்கிரீனும், டாக்டர் எழுதித் தர்ற க்ரீமும் அதை வேகப்படுத்தும். வெயில்ல பைக் ஓட்டிட்டு, சன்ஸ்கிரீன் போடாம, பருவைக் கிள்ளிக்கிட்டே இருந்தா மங்காது.

ரெண்டாவது: குழின்னா என்ன குழி? ஜன்னல் ஓரம் நில்லுங்க, வெளிச்சம் பக்கவாட்டுல விழணும். 2006ல குட்மேன், பேரன்னு ரெண்டு டாக்டர்கள் ஒரு தர அளவுகோல் போட்டாங்க, இன்னைக்கும் இந்திய டாக்டர்கள் அதைப் பயன்படுத்தறாங்க. அதோட சாரம் சுலபம். அரை மீட்டர் தூரத்துல நிற்கிறவருக்குக் குழி எடுப்பாத் தெரியுதா? தோலை ரெண்டு விரலால இழுத்தா குழி சமமாகுதா? தூரத்துல தெரியலைன்னா லேசான ரகம். தெரியுது, ஆனா இழுத்தா சமமாகுதுன்னா நடுத்தரம். இழுத்தாலும் சமமாகலைன்னா தீவிரம்.

டாக்டர்கள் வடிவத்தை வச்சும் மூணாப் பிரிப்பாங்க.

ஒண்ணு, ஐஸ்பிக். ஊசியால குத்தின மாதிரி, ரெண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான வாய், ஆனா ஆழம். பெரும்பாலும் லேசர் இதோட அடி வரைக்கும் சரியா எட்டாது. இதுக்கு டிசிஏ க்ராஸ்னு ஒரு முறை இருக்கு: செறிவான டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை மெல்லிய குச்சி நுனியில எடுத்து குழிக்குள்ள மட்டும் வைப்பாங்க. 2002ல கொரிய டாக்டர்கள் எழுதின முறை. இல்லைன்னா அந்தச் சின்னக் குழியையே வெட்டி எடுத்துத் தைக்கிறது. அந்த ஆசிட்டை ஆன்லைன்ல வாங்கி வீட்ல வச்சுப் பார்க்காதீங்க, முகம் வெந்துடும்.

ரெண்டு, பாக்ஸ்கார். சின்னம்மைத் தழும்பு மாதிரி ஓரம் செங்குத்தா, அடி தட்டையா இருக்கும். ஆழம் குறைவா இருந்தா லேசரும் மைக்ரோநீட்லிங்கும் நல்லா கேட்கும்.

மூணு, ரோலிங். அகலமா, அலை அலையா இருக்கும். இங்க பிரச்சனை மேல் தோல்ல இல்ல. அடியில நார் மாதிரி ஒண்ணு தோலைக் கீழ பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கு. மேல எத்தனை தடவை லேசர் அடிச்சாலும் அந்தப் பிடி விடாது. சப்சிஷன்னு, ஊசியை உள்ள விட்டு அந்த நாரை அறுத்து விடணும். 1995ல வந்த முறை, செலவும் ஒப்பிட்டா குறைவு.

பெரும்பாலான முகத்துல இந்த மூணும் கலந்துதான் இருக்கும். அதனால "ஒரே மெஷின், ஆறு சிட்டிங், எல்லாம் க்ளியர்"னு யாராவது சொன்னா, அவங்க உங்க முகத்தை ரகம் பிரிக்கலைன்னு அர்த்தம்.

இப்ப லேசருக்கு வருவோம். இன்னைக்கு எல்லா இடத்துலயும் சொல்றது ஃப்ராக்ஷனல் லேசர். 2004ல டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் குழு கொண்டு வந்த யோசனை. முகம் முழுக்கச் சுடாம, கண்ணுக்குத் தெரியாத புள்ளி புள்ளியாச் சுட்டு, நடுவுல நல்ல தோலை விட்டு வைக்கிறது. அந்த நல்ல தோல்ல இருந்து சீக்கிரம் ஆறும். கார்பன் டை ஆக்சைடு லேசர் மேல் தோலையும் சேர்த்து எடுக்கும். பலன் அதிகம், ஆறுற நாளும் அதிகம். எர்பியம் கிளாஸ் மாதிரி லேசர் மேல் தோலை விட்டுட்டு உள்ள சூடு தரும். மென்மையானது, ஆனா அதிக சிட்டிங் தேவைப்படும்.

இங்கதான் நம்ம நிறம் கணக்குல வருது. டேனரியில கீறல் இருக்கிற தோலை பஃபிங் போட்டுத் தேய்ச்சு, மேல பூச்சு கொடுத்துச் சரி பண்ணிடுவாங்க. அது உயிர் இல்லாத தோல், எதிர்த்து ஒண்ணும் பண்ணாது. உயிருள்ள மாநிறத் தோலோ கருப்புத் தோலோ அப்படி இல்ல. சூடு பட்டா, அழற்சி வந்தா, நிறமியை அள்ளிக் கொட்டும். குழியைச் சரி பண்ணப் போய் புதுசாக் கருப்புத் திட்டு வந்து நிற்கும். பெரும்பாலும் மங்கிடும், ஆனா மாசங்கள் ஆகும். வெள்ளைத் தோல் யூடியூபர் வீடியோவைப் பார்த்து "எனக்கும் இதே செட்டிங்"னு கேட்கக் கூடாதுன்னு சொல்றது இதனாலதான். நம்ம தோலுக்குப் புள்ளிகளோட அடர்த்தியைக் குறைச்சு, சிட்டிங் இடைவெளியைக் கூட்டி, முன்னாடியும் பின்னாடியும் வெயிலைத் தவிர்த்துப் பண்ணணும். மைக்ரோநீட்லிங்ல இந்தக் கருமை ஆபத்து குறைவு, அதனால நம்ம பக்கம் நிறைய டாக்டர்கள் அதுல இருந்து ஆரம்பிக்கிறாங்க. வீட்ல டெர்மாரோலர் உருட்டறது அதே விஷயம் இல்ல. சுத்தம் இல்லாத ஊசி கிருமியைத்தான் உள்ள தள்ளும்.

இனி தங்கச்சி கதை. சித்தி பொண்ணு, அம்பத்தூர்ல வேலை, தினமும் அரக்கோணம் லோக்கல்ல போய் வர்றவ. தை மாசம் நிச்சயம் ஆச்சு, வைகாசியில கல்யாணம். உடனே வீட்ல ஆரம்பிச்சுட்டாங்க, "அதுக்குள்ள மூஞ்சியைச் சரி பண்ணிடணும்"னு. சென்னையில ஒரு கிளினிக்குக்குப் போனா. பேசினது டாக்டர் இல்ல, கவுன்சிலர். ஆறு சிட்டிங் லேசர் 48,000, இன்னைக்கே கட்டினா 36,000, இஎம்ஐ உண்டு. என்ன ரகத் தழும்புன்னு சொல்லல. என்ன மருந்து சாப்பிடற, என்ன க்ரீம் போடறன்னும் கேட்கல.

அந்தக் க்ரீம்தான் முக்கியமான விஷயமா இருந்துச்சு. மெடிக்கல் ஷாப்ல "பருவுக்கும் கலருக்கும் ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டு வாங்கினது. உள்ள ஸ்டீராய்டு. சீட்டு இல்லாம விற்கவே கூடாத மருந்து. முதல் வாரம் முகம் பளபளன்னு இருக்கும், அப்புறம் தோல் மெலியும், அதுவே பருவைக் கிளப்பும். அந்த முகத்து மேல லேசர் அடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

பணம் கட்டலாமான்னு என்னைக் கேட்டா. "முதல்ல ஒரு தோல் டாக்டர் பார்க்கட்டும்டா"ன்னேன். வேலூர்ல பார்த்தோம். டாக்டர் கன்னத்தை இழுத்துப் பார்த்தாங்க, பக்கவாட்டு லைட்ல பார்த்தாங்க. சொன்னது இவ்வளவுதான்: க்ரீமை நான் சொல்ற மாதிரி நிறுத்து, புதுப் பரு வர்றதை முதல்ல அடக்குவோம். நீ தழும்புன்னு நினைக்கிறதுல பெரும்பகுதி கறை. நிஜக் குழி ரெண்டு பக்கமும் சேர்த்து ஏழெட்டுதான், அதுவும் ரோலிங். அதைக் கல்யாணத்துக்கு அப்புறம் சப்சிஷனும் நீட்லிங்கும் போட்டுப் பார்த்துக்கலாம். கல்யாணத்துக்குக் கிட்டத்துல எதுவும் வேணாம்.

சித்திக்கு ஒப்பல. "மாப்பிள்ளை வீட்ல என்ன நினைப்பாங்க"ன்னாங்க. அதுக்கு அவ கேட்டது ஒண்ணுதான்: "அம்மா, அவங்க என்னைப் பார்த்துட்டுதானே சரின்னு சொன்னாங்க? இது எனக்காகவா, போட்டோவுக்காகவா?" சித்தி பதில் சொல்லல. மறுநாள் சன்ஸ்கிரீன் மட்டும் ரெண்டு டியூப் வாங்கிட்டு வந்து வச்சாங்க.

கல்யாணத்தப்ப கறை நல்லாவே மங்கியிருந்துச்சு. குழி அப்படியேதான் இருந்துச்சு. அப்புறம் மூணு சிட்டிங் ஆச்சு. ஆழம் குறைஞ்சிருக்கு, போகல. "போகாது, குறையும்"னு டாக்டர் முதல் நாளே சொல்லிட்டதால ஏமாற்றம் இல்ல.

நீங்க போறப்ப இதைக் கேளுங்க. என் தழும்பு எந்த ரகம், எந்த ரகத்துக்கு எந்த சிகிச்சை? செய்யப் போறது டாக்டரா, டெக்னீஷியனா? என் நிறத்துக்கு செட்டிங்ல என்ன மாத்துவீங்க, சின்ன இடத்துல போட்டுப் பார்ப்பீங்களா? கருமை வந்தா யார் பார்ப்பீங்க, அதுக்குத் தனிக் காசா? நடுவுல நிறுத்தினா மீதிப் பணம்? முன்னும் பின்னும் போட்டோ ஒரே வெளிச்சத்துல எடுப்பீங்களா?

நீங்களா சொல்ல வேண்டியதும் இருக்கு: ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடறீங்களா, உடம்புல எங்கயாவது தழும்பு மேடா வளர்ந்திருக்கா, உதட்டோரம் அடிக்கடி அக்கி மாதிரி கொப்புளம் வருமா, கர்ப்பமா. ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடறப்ப கர்ப்பம் ஆகவே கூடாது, குழந்தைக்கு ஊனம் வரும். அந்த மாத்திரை நிறுத்தி ஆறு மாசம் கழிச்சுதான் எல்லா சிகிச்சையும்னு முன்னாடி கண்டிப்பாச் சொல்வாங்க. 2017ல அமெரிக்க நிபுணர்கள் ஆதாரங்களைத் திரும்பப் பார்த்து, ஃப்ராக்ஷனல் லேசர் மாதிரி சிலதுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லைன்னு சொன்னாங்க. உங்களுக்கு எதுன்னு டாக்டர் முடிவு பண்ணட்டும்.

யாரைப் பார்க்கிறது? போர்டுல "ஸ்கின் அண்ட் லேசர்"னு இருந்தா போதாது. எம்.டி. டிவிஎல், டிடிவிஎல், டிஎன்பி தோல் மருத்துவம், இதுல ஒண்ணு இருக்கணும். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் தளத்துல சரிபார்க்கலாம். அரக்கோணத்துல இருந்து வேலூர் சிஎம்சி இருக்கு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, அந்தப் பக்கம் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. லேசரே அங்க பண்ணலைன்னாலும், ரகம் என்னன்னு தெரிஞ்சுக்க ஒரு ஓபி சீட்டு போதும். 36,000 கட்டறதுக்கு முன்னாடி அந்த ஒரு நாள் லீவு தாராளமாப் போடலாம். ஆபீஸ் இன்சூரன்ஸை நம்பாதீங்க, அழகு சிகிச்சைக்குப் பொதுவா அதுல பணம் வராது.

கடைசியா, பண்ணாம இருக்கிறதும் ஒரு முடிவுதான். குழி நோய் இல்ல. அது உங்க மனசை உறுத்துதுன்னா, கண்ணாடி பார்க்கவே பிடிக்கலைன்னா, தாராளமாப் பண்ணுங்க, அது வெட்டி ஆசை இல்ல. ஆனா தேதியை முகூர்த்தம் முடிவு பண்ணக் கூடாது. புதுப் பரு நின்னிருக்கணும், வெயிலைத் தவிர்க்க முடியணும், நாலஞ்சு மாசம் பொறுமை இருக்கணும். இந்த மூணும் இருக்கிற மாசம்தான் நல்ல மாசம்.

உங்க அனுபவத்தை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. முகத்து போட்டோ மட்டும் எனக்கு அனுப்பாதீங்க, அதைப் பார்க்க வேண்டியவர் டாக்டர். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.