ரின் மீனும் குசினி ஆச்சியும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் 90களின் விடுதி மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



விடுதி வாழ்க்கையைப் பற்றிப் பேசுமாறு எங்களைக் கேட்டிருந்தார்கள். நாங்கள் கூடியிருந்து யோசித்தோம். எந்தக் கதையைத் தொடங்கினாலும் அது குசினியில் போய் நின்றது. குசினிக் கதை ரின் மீனில் போய் நின்றது. ஆகவே அதையே பேச வந்திருக்கிறோம்.

எங்கள் ஊர்களில் இதைச் 'சமன்' என்றும் சொல்வார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் மக்கரல் வகை மீன்தான். பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ரின்னில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, பிறகு நன்றாகச் சூடாக்குவதால்தான் அது பழுதாகாமல் இருக்கிறது. பிரான்சைச் சேர்ந்த நிக்கோலா அப்பேர் என்பவர் போத்தலில் இவ்வாறு உணவைப் பேணும் முறையை 1810இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீற்றர் டுறாண்ட் தகர ரின்னுக்குக் காப்புரிமை பெற்றார்.

இதை நாங்கள் புத்தகத்தில் பிறகுதான் படித்தோம். ஆனால் ரின்னுக்குள் இருப்பது ஏற்கனவே வெந்த மீன் என்பதை எங்கள் குசினி ஆச்சி முதலே சொல்லித்தந்திருந்தார். "பிள்ளையள், கனக்கக் கிண்டாதையுங்கோ, அது வெந்தது, கரைஞ்சு போகும்" என்பார். அதுதான் முதற் பாடம். வெங்காயம், பச்சைமிளகாய், உள்ளி, வெந்தயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தாளித்து, கறித்தூளும் பழப்புளியும் தேங்காய்ப்பாலும் விட்டு, குழம்பு கொதித்துத் தடித்த பிறகே மீனைப் போட வேண்டும். ஒரு கொதி வந்ததும் இறக்கித் தேசிக்காய்ப் புளி விட வேண்டும். ரின் தண்ணீரில் உப்பு இருக்கும். ஆகவே ருசி பார்த்துத்தான் உப்புப் போட வேண்டும். நடு முள்ளை எறிய வேண்டாம். அது மெத்தென்று வெந்திருக்கும், கல்சியமும் உண்டு.

அடுத்தது கட்லற். 425 கிராம் ரின் ஒன்றுக்கு அரைக் கிலோ உருளைக்கிழங்கு போதும். மீனிலுள்ள தண்ணீரை நன்றாக வடிக்காவிட்டால் எண்ணெயில் உடைந்துவிடும். வதக்கிய வெங்காயம், மிளகுதூள், தேசிக்காய்ப் புளி சேர்த்துக் குழைத்து, பெரிய தேசிக்காய் அளவில் உருட்டி, முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரித்தால் ஏறத்தாழ 25 கட்லற் வரும். அவசரத்துக்கென்றால் வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப் புளியுடன் பிசைந்து பாணோடு சாப்பிடலாம். லஞ்சன் மீற் வாங்குபவர்கள் அதை மெல்லிதாக வெட்டி வெறும் சட்டியில் பொரியுங்கள். அதன் கொழுப்பே போதும்.

வீங்கிய ரின்னை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். திறந்த பிறகு மிச்சத்தை ரின்னிலேயே வைக்காமல் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

இவையெல்லாம் உங்களுக்கும் தெரிந்தவைதான். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் வந்தோம்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். கடற்றொழிலுக்குக் கட்டுப்பாடு இருந்தபடியால் பச்சை மீனும் அரிது. எப்போதாவது 4 ரின் கிடைத்தால் ஆச்சி அதை 60 பேருக்குப் பங்கிடுவார். உருளைக்கிழங்குக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு, கறியில் பாதி வாழைக்காய். "இண்டைக்கு மீன் வாழைக்காய்க்குள்ள ஒளிச்சிருக்கு" என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவர் ஒன்றும் சொல்வதில்லை. எங்களுக்குப் பரிமாறிய பிறகு சட்டியில் ஒட்டியிருந்த குழம்பில் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுவார். அது அவருக்கு விருப்பமாக்கும் என்று நினைத்தோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, ஊருக்குப் போக வழியில்லாமல் விடுதியில் மிஞ்சியிருந்த 11 பேரும் ஆச்சியோடும் ரீச்சரோடும் மழையில் நடந்தோம். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தபோது ஆச்சி தன் பையைத் திறந்தார். மாற்றுச் சேலை ஒன்று. அதற்குள் சுற்றி 2 ரின். யாரோ தந்த சோற்றில் அதைப் பிசைந்து எங்கள் 11 பேர் கைகளிலும் உருட்டி வைத்தார். "நீங்கள் சாப்பிடேல்லையோ ஆச்சி?" என்று ஒருத்தி கேட்டாள். "நான் முதலே சாப்பிட்டிட்டன்" என்றார். அவர் சாப்பிடவில்லை. இரவு முழுவதும் எங்களோடுதானே நடந்தார்!

பிறகு நாங்கள் சிதறிப்போனோம். இன்று பல நாடுகளில் இருக்கிறோம். இந்த உரைக்காக ஒருவரை ஒருவர் கேட்டபோதுதான் வெட்கமான ஓர் உண்மை தெரிந்தது. எங்களில் ஒருவருக்கும் ஆச்சியின் பெயர் தெரியாது. 7 ஆண்டுகள் அவர் கையால் சாப்பிட்டோம். ஒரு நாளாவது பெயரைக் கேட்கவில்லை.

நூற்றாண்டு மலரில் அதிபர்களின் படங்கள் வரவிருக்கின்றன, அது முறைதான். ஆனால் இந்த நூறு ஆண்டுகளிலும் குசினியில் நின்றவர்கள், முற்றம் கூட்டியவர்கள், இரவுக் காவல் இருந்தவர்கள் ஆகியோரின் பெயர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குமாறு சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம். மூத்த அக்காமாரே, உங்களில் யாருக்காவது எங்கள் ஆச்சியின் பெயர் தெரிந்தால் இன்றே செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். தெரியாவிட்டால் அந்த வரியை வெறுமையாகவே அச்சிடுங்கள். எங்களுக்கு அது நினைவூட்டலாக இருக்கட்டும்.

வெளியே மேசையில் 200 கட்லற் வைத்திருக்கிறோம். பாதி மரவள்ளிக்கிழங்கு, ஆச்சியின் முறைப்படி செய்தது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.