உருப்போட்டவர்களின் கேள்விகள்

நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் உங்களில் பலர் கேட்டதுதான். கல்வியியல் துறை நண்பர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. பிள்ளைகளின் அறியும் ஆவலைக் கொல்வது மனப்பாடம்; அதை ஒழித்துவிட்டால் கேள்வியும் படைப்பாற்றலும் தாமே முளைக்கும் என்பது அவர்கள் கட்சி. உள்ளே சரக்கில்லாத இடத்தில் கேள்வி பிறக்காது என்பது என் கட்சி. பாடத்திட்டக் கூட்டங்களில் இதைச் சொல்லத் தொடங்கினால் தேநீர் வந்துவிடும். இன்று நீங்கள் ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள்.

என் சாட்சியைத் தேடி வெளியூர் போக வேண்டாம். அவர் இங்கே மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில், கோட்டைக் கொச்சியில் இருந்தவர்.

1663-இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள். 1670-களின் பெரும்பகுதியில் அவர்களுடைய மலபார்த் தளபதியாக இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். தாவரவியல் படித்தவர் அல்லர். லத்தீனில் நூலெழுதும் புலமையும் கிடையாது. அவர் முயற்சியில்தான் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. மலபாரின் 742 தாவரங்கள் படத்தோடும் உள்ளூர்ப் பெயரோடும் மருந்துக் குணத்தோடும் அதில் இருக்கின்றன. 1691-இல் கடற்பயணத்தில் இறந்துபோனதால் கடைசித் தொகுதிகளை அவர் பார்க்கவில்லை.

அவருடையது கலப்படமில்லாத ஆவல் என்று நான் வாதாடப் போவதில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மருந்துச் செலவு கையைக் கடித்தது. கம்பெனிக்கு முக்கியத் தளம் கொழும்பா கொச்சியா என்று இலங்கைப் பக்கத்து டச்சு அதிகாரி வான் கூன்ஸோடு பெரிய போட்டியும் இருந்தது. மலபாரின் வளத்தைக் காட்டியாக வேண்டிய நிலை. ஆவல் எப்போதும் ஏதாவது ஒரு தேவையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. ‘தூய ஆர்வம்’ என்பதெல்லாம் கருத்தரங்கக் கட்டுரைகளில் மட்டும் வாழ்வது.

வேலை நடந்த விதத்தை மூன்றாம் தொகுதியின் முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். செடிகளை அறிந்த ஆட்களை மூன்று மூன்று பேராகப் பிரித்துக் காடுகளுக்கு அனுப்பினார். உச்சிக் கிளைவரை ஏறி இலையும் பூவும் காயும் கொண்டுவந்தார்கள். வாடுவதற்குள் ஓவியர்கள் வரைந்தார்கள். பிறகு அறிஞர் குழு கூடி விவாதித்தது. சேர்த்தலைப் பக்கம் கடக்கரப்பள்ளியிலிருந்து கொல்லாட்டு வீட்டு ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் வந்தார். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகிய மூவரும் கொங்கணிப் பிராமணர்; மட்டாஞ்சேரிக்காரர்களுக்குக் கொங்கணிகளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அச்சுதன் 1675 ஏப்ரல் 20 தேதியிட்டு எழுதிக்கொடுத்த சான்று, கேரளத்தின் பழைய எழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சாகியிருக்கிறது.

நண்பர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இந்தப் பண்டிதர்கள் செடிகளைப் பற்றிய பழைய செய்யுள்களை நெட்டுருவாக வைத்திருந்தார்கள். பெயர், வகை, உறுப்புகள், வளரும் இடம், பருவம், பயன் என எல்லாம் செய்யுளில் வரிசையாக வரும். விவாதத்தில் அவற்றை எடுத்து வீசினார்கள். ஆனால் ஒப்பித்துவிட்டு எழுந்து போகவில்லை. எதிரே கிடந்த செடியை வைத்து ஒருவரை ஒருவர் மறுத்தார்கள். அதைச் சினமின்றி, எதிராளியின் கருத்துக்கு மதிப்புக் கொடுத்துச் செய்தார்கள் என்று அந்தப் படைத்தளபதி வியந்து எழுதுகிறார். நம் துறைக் கூட்டங்களை அவர் பார்க்கவில்லை.

செய்யுள் ஒன்று சொல்ல, கையிலிருக்கும் கொம்பு வேறொன்று சொன்னால் அங்கே கேள்வி பிறக்கிறது. செய்யுளே தெரியாதவனுக்கு அது வெறும் கொம்பு. ‘ஆவல் டச்சுக்காரனுடையது, வைத்தியர்கள் தகவல்தான் கொடுத்தார்கள்’ என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். தகவல் மட்டும் கொடுக்க வந்தவர்கள் எதற்காகத் தமக்குள் வாதாட வேண்டும்?

இன்னொரு சாட்சியும் உண்டு. முதல் தொகுதிகளுக்கு லத்தீன் எழுதியவர் யோஹான்னஸ் கசேரியஸ், கொச்சியில் இருந்த டச்சுப் பாதிரியார். இளமையில் ரைன்ஸ்பர்க்கில் தத்துவஞானி ஸ்பினோசாவோடு ஒரே வீட்டில் தங்கிப் பாடம் கேட்டவர். 1663-இல் ஸ்பினோசா ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்த மாணவனைப் பற்றி அலுத்துக்கொள்கிறார்: பையன் நிலையில்லாதவன், புதுமையைத் தேடுகிறான், உண்மையைத் தேடவில்லை, வயது ஏறினால் திருந்தலாம். நம் நண்பர்கள் வகுப்பறையில் வளர்க்கச் சொல்வது இந்தப் பையனின் ஆவலைத்தான். அவனைத் திருத்தியது வயதா, நூற்றுக்கணக்கான இலைகளை ஒவ்வொன்றாக விவரித்து எழுத வேண்டிய கொச்சி வேலையா? வேலைதான் என்பது என் ஊகம். கசேரியா என்ற தாவரப் பேரினத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மற்ற சாட்சிகளை வேகமாகச் சொல்கிறேன்.

உ.வே.சாமிநாதையர் நெஞ்சு நிறையப் பிரபந்தங்களோடு இருந்தவர். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் ‘சிந்தாமணி படித்ததுண்டா?’ என்று கேட்டது அவருக்கு உறைத்தது அதனால்தான். 1887-இல் அவர் பதிப்பில் சீவக சிந்தாமணி அச்சேறியது. திண்ணைப் பள்ளியின் வாய்பாட்டு நூலான எண்சுவடி பற்றிக் கணித வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு எழுதியவற்றையும் பார்க்க வேண்டும். அங்கே நினைவாற்றல் கணக்குப் போடும் திறனோடு பிணைந்திருந்தது. எதிர்த்தரப்பில் 1962-இல் தொடங்கிய அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் அதன் ‘யுரீக்கா’ சிறுவர் இதழும் பிள்ளைகளைச் சோதனை செய்து பார்க்க வைத்தன. அது நல்ல காரியம், மறுக்கவில்லை. அர்த்தம் சொல்லாமல், பொருளைக் கண்ணில் காட்டாமல் உருப்போட வைக்கும் ஆசிரியருக்கும் நான் வக்கீல் இல்லை.

இனி ஆய்வாளர்கள் செய்யக்கூடியவை: ஹோர்த்துஸ் விவாதங்களையும் சித்த மருத்துவர்களின் குரு-சீடர் முறையையும் ஒப்பிடலாம். மனப்பாடத்தோடு செடியையும் கையில் கொடுத்துப் பாடம் நடத்திப் பார்க்கலாம். கொங்கணிப் பண்டிதர்களின் பங்கைத் தனியே ஆராயலாம்.

தாவரவியலாளர் கே.எஸ். மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்து ஹோர்த்துஸ் நூலை 2003-இல் ஆங்கிலத்திலும் 2008-இல் மலையாளத்திலும் கொடுத்திருக்கிறார். அந்த மூன்றாம் தொகுதி முன்னுரையையாவது தமிழ்நாட்டின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் பாடமாக வையுங்கள். என் நண்பர்களும் படித்துவிட்டு வரட்டும். வழக்கை அப்புறம் தொடரலாம்.