மாலை விளக்கின் விலை

கோயம்புத்தூரை விட்ட புகைவண்டி வாளையாற்றைத் தாண்டியதும் காற்றின் போக்கு மாறுவதை, பிழைப்பு நாடி மேற்கே வந்த நம்மவர் நன்கறிவர். பாலக்காட்டுக் கணவாயில் வீசும் அக்காற்றை மின்சாரமாக்கும் பொருட்டு, கேரள மின்வாரியம் 1995-இல் கஞ்சிக்கோட்டில் ஒன்பது காற்றாலைகளை நிறுவிற்று. ஒன்று 225 கிலோவாட். ஒன்பதும் சேர்ந்து இரண்டு மெகாவாட்டுக்குச் சற்றே மேல். பின்னர் அட்டப்பாடியிலும், கம்பம் பள்ளத்தாக்கை மேலிருந்து நோக்கும் இடுக்கி மாவட்டத்து இராமக்கல்மேட்டிலும் பெரிய ஆலைகள் எழுந்தன.

“காற்றும் வெயிலும் இனாம், மின்கட்டணம் மட்டும் ஏன் ஏறுகிறது?” என்று நண்பர் ஒருவர் வினவினார். அரசாங்க அறிக்கைகளைத் தமிழாக்கிக் காலங்கழிக்கும் எனக்கு, சொற்களோடு கணக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டதுண்டு. என் கணக்கில், சிக்கல் பொருளில் இல்லை, பொழுதில் இருக்கிறது.

கணவாய்க் காற்று மிகுவது தென்மேற்குப் பருவத்தில். அணைகள் நிரம்புவதும் அப்போதே. பசியில்லாத வேளையில் இரட்டை விருந்து! வெயிலோ நண்பகலில் கொட்டுகிறது. நமக்கு விளக்கும் விசிறியும் வேண்டுவது இரவில். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. அதுவும் இரவு நேரத்திலேதான். ஆகவே பகலில் கிடைப்பதைச் சேமிக்க வேண்டும். அல்லது இரவில் வெளியிலிருந்து கொணர வேண்டும். இரண்டுக்கும் செலவுண்டு.

சேமிப்புக்கு இடுக்கியே நல்ல பத்தாயம். குறவன், குறத்தி மலைகளுக்கிடையே வில்லாய் வளைந்து நிற்கும் அவ்வணையின் நீர் மூலமற்றத்தில் 1976 முதல் மின்சாரம் தருகிறது. பகலில் வெயிலை நம்பி நீரைத் தேக்கி, மாலையில் திறக்கலாம். ஆயினும் ஆறு பொறிகளும் முழு மூச்சாக ஓடினாலும் 780 மெகாவாட்டுதான். சுழலியைத் தாண்டிய நீரை மீண்டும் மேலேற்றும் நிலையங்களுக்கு மேலொரு தேக்கம், கீழொரு தேக்கம் வேண்டும். மலைநாட்டில் நிலம் எங்கே? காட்டை மூழ்கடிக்கலாகாது என்று பாலக்காட்டு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டம் 1983-இல் கைவிடப்பட்டதை நினைவுகூர்க. அது சரியான முடிவே என்பது என் கருத்து.

கொணர்வதும் எளிதன்று. கரூர் மாவட்டத்துப் புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் கடத்தும் மின்பாதை 2021-இல் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 5,070 கோடி ரூபாய். கேரளத்தில் கோபுரங்கள் நட இடம் அரிதாகையால், சுமார் 27 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பியை மண்ணுக்கடியிலேயே புதைத்தார்கள்.

இச்செலவை யார் தாங்குவது? சொந்த வீடுள்ளவர் கூரையில் சூரியத் தகடு பரப்பி, பகலில் மிஞ்சியதை வாரியத்துக்குக் கொடுத்து, இரவில் திரும்பப் பெறுகிறார். முதல் போட்டவர் அவர், பயன் பெறட்டும். ஆனால் இரவில் அவருக்கு மின்சாரம் திரட்டித் தரும் செலவு எல்லார் கட்டணத்திலும் கலக்கிறது. மூணாறு எஸ்டேட் லயத்திலும் பாலக்காட்டு வாடகை அறையிலும் வாழும் நம்மவருக்குத் தகடு பரப்பச் சொந்தக் கூரை இல்லை. கட்டண விசாரணைகளில் கூரையுடையோர் குரல் உரக்கவே ஒலிக்கிறது. அவ்விசாரணைகள் பொதுமக்கள் யாவருக்கும் திறந்தவை; வாடகைக் குடியிருப்பவரும் அங்கே தம் கருத்தை எழுதித் தரலாம்.