கோப்புகளுக்கும் உறவுமுறை வேண்டும்
(திருப்பதியில் நூலக, ஆவணத் துறையினரிடையே நிகழ்த்திய உரை)



காவிரிக் கரையிலுள்ள திருக்கோடிக்காவல் கோயிலைச் செம்பியன் மாதேவியார் 10ஆம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கட்டடத்திலிருந்த சாசனங்களைப் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கச் செய்தார். அவற்றில் ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று குறித்தும் வைத்தனர். தான் மூலமன்று, மூலத்தின் படி என்பதைப் படியே கூறிவிடுகிறது. திருமலையிலும் 13ஆம் நூற்றாண்டுத் திருப்பணியின்போது பழைய சாசனங்கள் இவ்வாறு மறுபடி பொறிக்கப்பட்டதுண்டு. இன்று கணிப்பொறியில் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் படிகள் எடுக்கும் நாம் இந்த மூன்று சொற்களை எழுதத் தவறுகிறோம்.

திருமலைக் கல்வெட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல் ஒன்றுதான். அதிலிருந்து எடுத்த மைப்படி தனி. தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கையில் அதற்கு ஓர் எண் இருக்கும். சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பில் தொடங்கித் தேவஸ்தானம் 1930களில் வெளியிட்ட தொகுதிகளில் வேறோர் எண் இருக்கும். பிறகு ஒளிப்படம், அதன் சிறிய வடிவம், தட்டச்சு செய்த பாடம், மொழிபெயர்ப்பு, திருத்திய பாடம் என்று கோப்புகள் பெருகுகின்றன. இவற்றுள் எது தாய், எது சேய் என்பதைக் கோப்பின் பெயர் சொல்வதில்லை. ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘உண்மையான இறுதி’ என்றெல்லாம் பெயரிடப்பட்ட கோப்புகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. பல்லவ அரசி சாமவை வெள்ளித் திருமேனி ஒன்றை எழுந்தருளச் செய்து நிலம் வழங்கிய செய்தியை யாவரும் அறிவர். அது நிகழ்ந்த ஆண்டு சில வெளியீடுகளில் கி.பி. 614 என்றும், வேறு சிலவற்றில் 966 என்றும் காணப்படுகிறது. இடைவெளி 352 ஆண்டுகள்! எந்த வெளியீடு எந்தப் பாடத்தைப் பின்பற்றியது என்ற குறிப்பு உடன் வராமையால், ஓரிடத்தில் செய்த திருத்தம் மற்ற இடங்களுக்குச் சென்று சேர்வதில்லை. இரண்டு ஆண்டுகளும் பக்கத்துப் பக்கத்திலேயே வாழ்கின்றன.

கோப்புறையின் பெயரே உறவைக் காட்டிவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். அதற்கு நம் மாவட்டமே விடை கூறுகிறது. 19ஆம் நூற்றாண்டு அறிக்கைகளில் திருப்பதி வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர். 1911 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 4.4.2022 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. சந்திரகிரியும் காளத்தியும் அதனுடன் சென்றன. ‘சித்தூர்’ என்னும் கோப்புறையிலிருந்து ‘திருப்பதி’க்குக் கோப்புகளை நகர்த்தினால், பழைய முகவரியை நம்பியிருந்த இணைப்புகள் யாவும் அறுந்துபோகும். ஊரின் பெயர் கோப்பைப் பற்றிய செய்தியாக இருக்கலாம். கோப்பின் அடையாளமாக இருத்தலாகாது. பொருளற்ற, என்றும் மாறாத ஓர் எண்ணே அடையாளத்துக்கு ஏற்றது.

உறவுகளிலும் வகையுண்டு. தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் (1408–1503) கீர்த்தனைகள் பொறித்த செப்பேடுகள் திருமலையில் இரண்டாயிரத்துக்கு மேல் கிடைத்தன. ஏட்டின் ஒளிப்படம் ஏட்டிலிருந்து பெறப்பட்டது. ஒரு கீர்த்தனை ஏட்டின் ஒரு பகுதி. அச்சிட்ட பாடம் அதன் வாசிப்பு. ஆனால் ஒலிப்பதிவு? ஏட்டில் இராகத்தின் பெயர் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் 20ஆம் நூற்றாண்டில் அமைத்த மெட்டுகளே பலவும் பாடப்படுகின்றன. ஆகவே ஒலிப்பதிவின் சொல் ஏட்டுக்கு உறவு. மெட்டோ வேறொருவருக்கு உறவு. ‘தொடர்புடையது’ என்ற ஒரே சொல்லால் இவ்விரண்டையும் கட்டினால், நாளை ஒரு மாணவன் அந்த மெட்டையும் 15ஆம் நூற்றாண்டினது என்றே எழுதுவான். அவனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

இதற்கான முறைகள் புதியனவல்ல. 1995இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடியோர் தொடங்கிய விவரக் கூறுகளின் பட்டியலில் ‘மூலம்’, ‘தொடர்பு’ ஆகிய இரண்டும் இடம்பெற்றன. அடோபி நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்.எம்.பி. முறையில் ஒரு படம் எந்தப் படத்திலிருந்து பிறந்தது என்பதைப் படக்கோப்பினுள்ளேயே எழுதிவைக்கலாம். எனினும் கைப்பேசிச் செய்திச் செயலிகள் வழியாகப் படத்தை அனுப்பினால் அக்குறிப்புகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். எனவே கோப்பினுள்ளும் எழுதுக, பதிவேட்டிலும் எழுதுக என்பேன்.

நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் இடம் போதவில்லை என்று ‘இரட்டைப் படங்களை’ நீக்கினார்கள். நீக்கப்பட்டவை முழு அளவு மூலங்கள். எஞ்சியவை அவற்றின் சிறு வடிவங்கள். நீக்கியவர் கவனமற்றவர் அல்லர். இரண்டில் எது எதிலிருந்து வந்தது என்று அவருக்குச் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

விலையுயர்ந்த மென்பொருள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை போதும்: இக்கோப்பின் எண், உறவின் வகை, அக்கோப்பின் எண். படி எடுக்கும் அந்த நிமிடத்திலேயே எடுப்பவரே எழுதவேண்டும். ஓராண்டு கழிந்தால் எடுத்தவருக்கே நினைவிருக்காது. முதல் வரிசையைச் சாமவையின் சாசனத்திலிருந்தே தொடங்கலாம். அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் எதிரே எவ்வெவ்வாசிப்பு என்று குறிக்கும் வேலை இன்னும் நம் மேசையின்மீது இருக்கிறது.