தீர்ப்பு வந்த பிறகு

(காக்ஸ் டவுனில் நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கில் ஜெயித்தால் உரிமை கைக்கு வந்துவிட்டதென்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை நாகப்பட்டினம் கடற்கரை வழக்கு ஒன்றைக் கொண்டு பார்ப்போம்.

1990-களின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் பணம் படைத்த கம்பெனிகள் நஞ்சை நிலங்களை வாங்கி, உப்புநீரைத் தேக்கி, ஏற்றுமதிக்காக இறால் வளர்த்தன. பண்ணையைச் சுற்றி வேலி எழுந்தது. மீனவர்கள் கட்டுமரத்துக்கு நடந்துபோன பாதை அடைபட்டது. கிணற்றுநீர் கரித்தது. நடவுக்கூலியும் அறுப்புக்கூலியும் போயின. கூலி போனவர் எங்கே போவார்? ரயில் ஏறுவார். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் துணைவியார் கிருஷ்ணம்மாளும் கிராம மக்களைத் திரட்டிப் போராடினார்கள். ஜெகந்நாதன் 1994-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், பழைய முறை வளர்ப்பைத் தவிர, இறால் பண்ணை கூடாது. இருப்பவற்றை 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும்.

மகத்தான வெற்றிதான்! ஆனால் மறுஆய்வு மனுக்கள் குவிந்தன. இடிப்புக்குத் தடை வந்தது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. கடலோர விதிகளின் தடை இப்பண்ணைகளுக்குப் பொருந்தாது என்று 1991 பிப்ரவரி 19 முதலே முன்தேதியிட்டு எழுதிக்கொண்டார்கள். 500 மீட்டர் 200 மீட்டராயிற்று. ரயில்வேயில் ஃபைல் எழுதும் நமக்கு இது புதிதா? உத்தரவு வேறு, அமல் வேறு.

அமெரிக்காவைப் பாருங்கள். வாஷிங்டன் மாநிலத்து ஆதிகுடிகள் 1850-களின் ஒப்பந்தங்களிலேயே மீன்பிடி உரிமையை எழுதி வாங்கியிருந்தார்கள். இருந்தும் வலை வீசினால் கைது. பில்லி ஃபிராங்க் என்பவர் 50 தடவைக்கு மேல் கைதானார். 1974-இல் நீதிபதி போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுக்கு என்றார். மக்கள் கலைந்துவிடவில்லை. அதே ஆண்டில் தமக்கென மீன்வள ஆணையம் அமைத்தார்கள். 1979-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது.

வழக்கு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தீர்ப்பு வந்த அன்று சங்கத்தைக் கலைக்காதீர்கள் என்கிறோம். குடிசைக்குத் தடையுத்தரவு வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் நம் மக்களுக்கும் இதுவே பாடம். உத்தரவு வாங்கியவர்கள் அதன் நகலோடு சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து காவல் காப்போம்!